கூலர்னா எந்த கூலர்? தில்லி வெயில்ல ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல டெக்னாலஜி பக்கத்துல, வீட்டுல கேம் ஆடற கம்ப்யூட்டருக்கு என்ன கூலர் வாங்கலாம்னு ஒரு கட்டுரை வந்துச்சு. எங்க வீட்டுல பையன்தான் முதல்ல பாத்தான், பாத்துட்டு என் காபி ஆறதுக்குள்ள கொண்டாந்து நீட்டிட்டான், "பாருங்கப்பா, லிக்விட் கூலிங்தான் பெஸ்ட்டுன்னு பேப்பர்லயே போட்டாச்சு"ன்னு ஒரு சிரிப்போட. கம்ப்யூட்டர் சூட்ட தண்ணிய வச்சு எடுக்கறதா, வெறும் காத்த வச்சு எடுக்கறதான்னு ரெண்டு வருஷமா எங்க வீட்டுல நடக்கற வழக்கு அது. நீங்க தெரியாம அவன் பக்கம் தீர்ப்பு எழுதிட்டீங்க, அதுக்கு அப்பீல்தான் இந்த லெட்டர்.

என்னைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன். நான் தில்லிக்கு வந்து 28 வருஷம் ஆச்சு, பெரிய கட்டடங்கள்ல ஏசி பிளாண்ட் பாத்துக்கற வேலை. தண்ணிய குளிர வைக்கற சில்லர், கூலிங் டவர், டக்ட், பம்ப், இதுலயே தலை நரைச்சவன். கம்ப்யூட்டர் எனக்கு தெரியாது, ஆனா சூடு எங்க உண்டாகுது எங்க போகுதுன்னு கேட்டா தெரியும். வீடு ஜனக்புரியில, மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற ஃபுளோர். மே மாசம் அந்த ஃபுளோர்ல இருந்தவங்களுக்குத்தான் அது என்னன்னு புரியும், ராத்திரி பதினோரு மணிக்கு சுவத்துல கை வச்சா தோசைக்கல்லு மாதிரி இருக்கும்.

2024 மே கடைசி, தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்துல 46.8 டிகிரி அடிச்ச அந்த வாரம். பையன் வந்து "அப்பா, கூலர் வாங்கணும்"னான். தில்லிக்காரனுக்கு கூலர்னா என்ன, ஜன்னல்ல மாட்டற தகரப் பெட்டி, மூணு பக்கம் பேடு, உள்ள ஒரு பம்ப், ஒரு பெரிய ஃபேன். "டேய், ஏப்ரல்லதானடா புது பேடு போட்டேன், ஓடிட்டுதான இருக்கு"ன்னேன். அடுப்படியில இருந்து அவங்கம்மா "கண்ணுக்குப் போடற கூலரா, போன வருஷந்தான வாங்குன"ன்னு கேட்டா. அவன் தலையில அடிச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சு காமிச்சான். ஸ்கிரீன் மூலையில குட்டி குட்டியா நம்பர் ஓடுது, கணக்கு போடற சிப்பான பிராசஸர் 90 டிகிரி, ஸ்கிரீன்ல படம் வரையற கிராஃபிக்ஸ் கார்டு 83. ரெண்டு நம்பரும் அதுக்கு மேல போகாது, ஏன்னா அந்த சூட்டுக்கு வந்ததும் அது தானே வேகத்த குறைச்சுக்குது, கேம் திக்கி திக்கி ஓடுது. ஃபேன் சத்தம் எப்படின்னா எங்க ரூம் வரைக்கும் மிக்ஸி ஓடற மாதிரி.

கம்ப்யூட்டர் என்னன்னா 2022 தீபாவளிக்கு அசெம்பிள் பண்ணுனது, பிராசஸர் ரைசன் 5 5600, கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, பிராசஸரோட டப்பாவுலயே வர்ற சின்ன கூலர். முன்பக்கம் பூரா கண்ணாடி, உள்ள கலர் கலரா லைட்டு. அவன் கேட்டது அந்த லிக்விட் கூலிங், அதாவது 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வச்ச வாட்டர் கூலர், அன்னிக்கு விலை ஏழாயிரத்து சொச்சம்.

அன்னிக்கு அவன்கிட்ட கேட்டதையே உங்க கட்டுரை எழுதுனவர்கிட்டயும் கேக்கறேன், அந்த வாட்டர் கூலர்ல கம்ப்ரஸர் இருக்கா? இல்ல. கேஸ் இருக்கா? இல்ல. தண்ணி ஆவியாகுதா? அதுவும் இல்ல, மூடி சீல் பண்ணுன குழாய்க்குள்ளயே சுத்துது. அப்போ அது செய்யற வேலை என்ன, பிராசஸர் மேல இருக்கற சூட்ட தண்ணி வாங்கிட்டு போயி ரேடியேட்டர்ல குடுக்குது, ரேடியேட்டர் அத ரூம் காத்துல குடுக்குது. கார் ரேடியேட்டர்தான் அது. ரூம் 42 டிகிரி இருந்தா அந்த தண்ணி 42க்கு கீழ போகவே போகாது, நீங்க ஏழாயிரம் குடுத்தாலும் சரி எழுபதாயிரம் குடுத்தாலும் சரி. நம்ம ஜன்னல் தகரப் பெட்டி இருக்கே, அது தண்ணிய ஆவியாக்குது, அதனால வெளிய 44 இருந்தாலும் ரூம்ல 32, 33க்கு கொண்டாந்துடும். இந்த வீட்டுல ரெண்டு கூலர் இருந்தா நிஜமா குளிர வைக்கறது எதுன்னு யோசிச்சுக்குங்க.

அதே மாதிரி பிராசஸர் மேல மாட்டற ஏர் கூலர்னா ஏதோ வெறும் ஃபேனுன்னு நினைக்கறாங்க. கோபுரம் மாதிரி நிக்கற அந்த டவர் கூலர்ல பளபளன்னு நாலு காப்பர் குழாய் மேல ஏறுது இல்ல, அது கம்பி இல்ல, உள்ள காத்த உறிஞ்சிட்டு துளியூண்டு தண்ணி விட்டு அடைச்சிருக்கும். கீழ சூடு பட்டதும் அது ஆவியாகி மேல போகும், அங்க தகடுல சூட்ட விட்டுட்டு மறுபடி தண்ணியாகி கீழ வரும். பம்ப் இல்ல, மோட்டார் இல்ல, கரண்ட்டும் வேணாம். கெட்டுப்போனா ஃபேன்தான் கெடும், அது ஐநூறு அறுநூறு ரூபாயில மாத்திக்கலாம். வாட்டர் கூலர்ல பம்ப் நின்னா மொத்தமா தூக்கிப் போடணும், பம்ப் ஓடுனாலும் ரப்பர் குழாய் வழியா வருஷக்கணக்குல தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு ஆவியாயிட்டே இருக்கும், நிறைய மாடல்ல மறுபடி ரொப்ப வழி கிடையாது.

சரி, அப்போ நான் உடனே ஏர் கூலர் வாங்கிட்டேனா, இல்ல. ஒரு பைசா செலவு பண்றதுக்கு முன்னாடி காத்து எங்க வருது எங்க போகுதுன்னு பாக்கறதுதான் எங்க தொழில். அந்த பெட்டி எங்க இருந்துச்சு தெரியுமா, கம்ப்யூட்டர் டேபிள்ல கீழ ஒரு அறை குடுத்திருப்பாங்களே கதவு வச்சு, அதுக்குள்ள. பின்னாடி பலகையில ஒயர் போறதுக்கு எலிப்பொந்து மாதிரி ஒரு ஓட்டை, அவ்வளவுதான். தான் கக்குன சூட்டையே தான் திரும்ப இழுத்துட்டு இருந்திருக்கு. வெளிய எடுத்து ஒரு ஸ்டூல் மேல வச்சோம், சுவத்துல இருந்து ஒரு முழம் தள்ளி. அதே கேம், அதே ரூம், பிராசஸர் 84க்கு வந்துச்சு. செலவு, ஸ்டூலைத் தேடுன நேரம்.

அடுத்தது ஊதுபத்தி. பூஜை ரூம்ல இருந்து ஒண்ணு கொளுத்தி எடுத்துட்டு வந்து ஒவ்வொரு ஃபேன் கிட்டயும் காமிச்சேன், பையன் "என்னப்பா ஆரத்தி எடுக்கறீங்களா"ன்னான். முன்னாடி ரெண்டு ஃபேன், பின்னாடி ஒண்ணு. பின்னாடி ஃபேன் புகைய வெளிய தள்ளுது, சரி. முன்னாடி கீழ் ஃபேன் உள்ள இழுக்குது, சரி. மேல் ஃபேன் புகைய என் மூஞ்சியில அடிக்குது. அசெம்பிள் பண்ணுன கடைக்காரர் லைட்டு அழகா தெரியணும்னு திருப்பி மாட்டி வச்சுட்டார் போல. ஒன்றரை வருஷமா அது வந்த காத்த வந்த வழியே வெளிய தள்ளிட்டு இருந்திருக்கு. உங்க வீட்டுலயும் கம்ப்யூட்டர் இருந்தா இன்னிக்கே ஒரு ஊதுபத்தி கொளுத்திப் பாருங்க, தூரமா புடிங்க, சாம்பல் உள்ள விழக்கூடாது. புகை பாக்க சோம்பலா இருந்தா ஃபேன உத்துப் பாருங்க, குறுக்க பிளாஸ்டிக் கம்பி இருக்கற பக்கம்தான் காத்து வெளிய வர்ற பக்கம்.

கண்ணாடி முன்பக்கத்த என்ன பண்ண, ஓரத்துல விரல் நுழையற சந்து வழியாத்தான் காத்து வரணும். இதுக்குத்தான் பணம் போடணும்னு சொன்னேன், முன்னாடி வலை வச்ச கேபினெட், அதாவது கம்ப்யூட்டரோட வெளிப்பெட்டி. வீட்டுல மூணு நாள் சண்டை, லைட்டு தெரியாதாம். கடைசியில ஒத்துக்கிட்டான், பக்கவாட்டுல கண்ணாடி இருக்கே அதுல தெரியும்னு அவங்கம்மாதான் சமாதானம் பண்ணுனா.

அப்புறம் ஒரு சனிக்கிழமை கிளம்புனோம், ஜனக்புரி வெஸ்ட்ல மெட்ரோவோட மெஜந்தா லைன் புடிச்சு கால்காஜி மந்திர்ல எறங்கி வயலட் லைன்ல ஒரே ஒரு ஸ்டேஷன், நெஹ்ரு பிளேஸ். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு சொல்லணும்னா நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டோட பெரியண்ணன். படி ஏறும்போதே நாலு பேரு வந்து கையப் புடிக்காத குறையா கூப்பிடுவாங்க. நாங்க போன கடையில ஒரு வயசான சர்தார்ஜி, நான் வாட்டர் கூலர் விலை கேட்டதும் உடனே எடுத்துக் காட்டல, "பிராசஸர் என்ன"ன்னு கேட்டார். 5600ன்னதும் அத திருப்பி அலமாரியில வச்சுட்டார். "அங்கிள்ஜி, ஸ்கூட்டருக்கு லாரி ரேடியேட்டர் மாட்டுவீங்களா"ன்னார் இந்தியில. என்னைவிட ஒரு பத்து வயசு பெரியவர் என்னைப் போயி அங்கிள்னு கூப்பிடறார், தில்லியில அது சகஜம்.

அவர் சொன்ன கணக்கு சரியான கணக்கு. இந்த பிராசஸர் முழு மூச்சா ஓடுனாலும் 76 வாட்தான் இழுக்கும், கேம்ல அதுவும் இல்ல. பக்கத்துல உக்காந்திருக்கற கிராஃபிக்ஸ் கார்டு 170 வாட். பெட்டிக்குள்ள சூட்டுல முக்கால்வாசி அந்த கார்டோடது, நீங்க வாங்கற கூலர் அந்த கார்ட தொடக்கூட தொடாது! உங்க கட்டுரையில இந்த ஒரு விஷயம் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ரேடியேட்டர முன்னாடி மாட்டிட்டா அதுல சூடாகி வர்ற காத்துதான் கார்டுக்குப் போகும், அதுவேற.

டீப்கூல் ஏகே400ங்கற ஏர் கூலர் வாங்குனோம், ரெண்டாயிரத்து எழுநூறு. நாலு குழாய், ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன், 155 மில்லிமீட்டர் உயரம். அந்த உயரத்த அவரே டேப் வச்சு கேபினெட்டோட அகலத்துல பொருந்துமான்னு அளந்து காமிச்சார், இத அளக்காம வாங்கிட்டுப் போயி கதவு மூடாம திரும்பி வர்றவங்க வாரத்துக்கு ரெண்டு பேராம். நாக்டுவான்னு ஒண்ணு காட்டுனார், என்எச் டி15, கையில வச்சா ஒண்ணேகால் கிலோவுக்கு மேல, ஒரு செங்கல்ல பாதி. அழகா இருந்துச்சு, விலையக் கேட்டுட்டு பத்திரமா திருப்பிக் குடுத்துட்டேன்.

இப்போ என் தப்ப சொல்றேன், சிரிக்காதீங்க. மாட்டிக் குடுக்க கடையில முன்னூறு கேட்டாங்க, நானூறு டன் சில்லர கழட்டி மாட்டுனவனுக்கு இது ஒரு வேலையான்னு வீட்டுக்கு வந்து நானே உக்காந்துட்டேன். மறுநாள் காலையில, மெஷின் ராத்திரி பூரா ஆஃப்ல கிடந்து நல்லா ஆறிப்போயி இருக்கு. நாலு ஸ்க்ரூவ கழட்டிட்டு பழைய கூலர நேரா மேல இழுத்தேன், வரல, இன்னும் கொஞ்சம் இழுத்தேன், சடக்குன்னு ஒரு சத்தம். கூலர் வந்துச்சு, கூடவே பிராசஸரும் வந்துச்சு, அடியில ஒட்டிக்கிட்டு. நடுவுல சூடு கடத்த தடவற பேஸ்ட் காஞ்ச சுண்ணாம்பு மாதிரி இறுகி அத புடிச்சு வச்சிருக்கு. அந்த மாடல்ல தலைமுடி மாதிரி பின்னெல்லாம் பிராசஸர் அடியிலயேதான் இருக்கும், ஆயிரத்து முன்னூத்தி சொச்சம், அதுல ஓரத்துல மூணு பின் சாஞ்சு போச்சு. பையன் ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. நான் மூக்குக் கண்ணாடிக்கு மேல இன்னொரு பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு, பழைய ஏடிஎம் கார்டு ஓரத்த ரெண்டு வரிசைக்கு நடுவுல விட்டு, மூச்ச புடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா நிமித்துனேன், முக்கால் மணி நேரம். உக்கார வச்சு ஆன் பண்ணுனதும் ஸ்கிரீன் வந்துச்சு, அப்புறந்தான் ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.

சரியான முறை என்னன்னா, முதல்ல ஒரு பத்து நிமிஷம் கேம ஓட விட்டு சூடாக்கணும், அப்புறம் ஆஃப் பண்ணி ஒயர உருவிட்டு, கூலர இடமும் வலமுமா லேசா திருகித் திருகி எடுக்கணும், நேரா இழுக்கவே கூடாது. அடுத்த தலைமுறையில வந்த ஏஎம்5 பிராசஸர்ல இந்தத் தொல்லை இல்ல, பின்னு போர்டுக்குப் போயிடுச்சு. புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். கூலர் அடியில ஒட்டி வர்ற பிளாஸ்டிக் தாள உரிச்சிட்டு மாட்டுங்க, அத உரிக்காம மாட்டிட்டு கடைக்காரரோட சண்டைக்குப் போனவங்க கதைய சர்தார்ஜி நிறைய வச்சிருக்கார்.

முடிவு என்ன ஆச்சுன்னா, ரூம் 41 டிகிரி இருந்தப்போ பிராசஸர் 71, கார்டு 76. ஜன்னல் கூலர ஓட விட்டு ரூம் 33க்கு வந்ததும் பிராசஸர் 63. கவனிச்சீங்களா, ரூம் எட்டு டிகிரி எறங்குச்சு, உள்ளயும் எட்டு எறங்குச்சு. இதுதான் இதுல அடிப்படை, ரூம் சூட்டுக்கு மேல எத்தன டிகிரிங்கறதுதான் ஒரு கூலரோட மார்க்கு, அத விட்டுட்டு 65 டிகிரிதான் வருதுன்னு வெறும் நம்பர போட்டா அது அவங்க ரூமோட நம்பர். இந்த ரிவ்யூவெல்லாம் இருவது, இருவத்தஞ்சு டிகிரி ரூம்ல உக்காந்து எடுக்கறது. கத்திரி வெயில்ல வேலூர்லயும் கரூர்லயும் ஆடற பையன் அதோட பதினஞ்சு கூட்டிப் படிக்கணும்.

அதுக்காக ஜன்னல் கூலர நேரா கம்ப்யூட்டர் மேல திருப்பி வச்சுடாதீங்க. ஈரத்துல தண்ணி கோத்துக்கும்னு எல்லாரும் பயப்படறாங்க, அது நடக்காது, சுத்தி இருக்கற காத்த விட சூடா இருக்கற சாமான் மேல தண்ணி கோக்காது, சில்லர் பைப் வேர்க்குதுன்னா அது காத்த விட குளிர்ந்து கிடக்கறதாலதான். ஜூலையில மழைக் காத்துல நமக்கு வேர்த்துக் கொட்டும், கம்ப்யூட்டருக்கு வேர்க்காது. உண்மையான ஆபத்து சாரல். தில்லி தண்ணி கடுந்தண்ணி, பேடு மேல வெள்ளை வெள்ளையா உப்பு படியும், அந்த தண்ணி பொடிப்பொடியா தெறிச்சு போர்டுல காஞ்சா அந்த உப்பும் அங்கயே தங்கிடும், தூசிய வேற புடிச்சு வச்சுக்கும். எட்டடி தள்ளி வைங்க, எதிர் ஜன்னல திறந்து விடுங்க. சென்னைக்காரங்களுக்கு இந்த யோசனையே வேணாம், ஈரம் கலந்த கடல் காத்துல அந்தப் பெட்டி சரியா வேலை செய்யாது.

செலவில்லாத இன்னொண்ணு, இது பையன் கண்டுபுடிச்சது, அந்தப் பெருமை அவனுக்கே போகட்டும். அவன் மானிட்டர் ஒரு நொடிக்கு 75 படம்தான் காட்டும், கார்டு 130, 140ன்னு போட்டுத் தள்ளிட்டு இருந்துச்சு. 75ல பூட்டி வச்சான், கார்டு இழுக்கற கரண்ட்டோட வரம்ப, அதான் பவர் லிமிட்ட, நூறு சதவீதத்துல இருந்து எண்பதுக்கு எறக்குனான். ஆட்டத்துல வித்தியாசம் அவன் கண்ணுக்கே தெரியல, ஃபேன் சத்தம் பாதியாச்சு. மின்சாரக் கணக்கும் இருக்கு, மொத்த பெட்டியும் 300 வாட்னு வச்சா தினம் நாலு மணி நேரத்துக்கு மாசம் 36 யூனிட், 2019ல இருந்து 200 யூனிட்டுக்குள்ள பில் இல்லாம பழகிப்போன எங்க மாதிரி குடும்பத்துக்கு 36ங்கறது சின்ன நம்பர் இல்ல. அந்த 300 வாட்டும் கடைசியில ரூமுக்குள்ளதான் சூடா விழுது, எந்தக் கூலர் மாட்டுனாலும் அதுல ஒரு வாட் குறையாது. ஜனவரியில மட்டும் அது வரம், அவங்கம்மா ஸ்வெட்டர் பின்ன அவன் ரூமுக்குப் போயிடுவா.

வாட்டர் கூலரே வேணாம்னு நான் சொல்லல. இன்டெல் ஐ9 14900கே மாதிரி 253 வாட் இழுக்கற பிராசஸர் வச்சிருக்கறவங்க, நாள் பூரா வீடியோ ரெண்டர் பண்றவங்க, அவங்களுக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் தேவைதான், ஆனா மாட்டும்போது ரேடியேட்டரோட மேல்பக்கம் பம்ப்ப விட உயரமா இருக்கணும், இல்லன்னா உள்ள இருக்கற காத்து பம்ப்ல போயி உக்காந்து கொடகொடன்னு சத்தம் போடும். ஏசி பிளாண்ட்லயும் அதேதான், ஏர் லாக். சாதாரண வீட்டுப் பிள்ளைங்க வாங்கற ரைசன் 5க்கும் ஐ5க்கும் அத சொல்லி விக்கறதுதான் எனக்கு வலிக்குது.

தூசியப் பத்தி தனியா ஒரு லெட்டர் எழுதலாம். மே, ஜூன்ல இங்க ஆந்தின்னு ஒரு புழுதிக் காத்து அடிக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு வானம் செங்கல் நிறமாயிடும், ஜன்னல் மூடறதுக்குள்ள படுக்கை மேல விரலால பேரு எழுதலாம். அதனாலதான் உள்ள இழுக்கற ஃபேன் ரெண்டு, வெளிய தள்ளறது ஒண்ணு, உள்ள காத்து கொஞ்சம் தூக்கலா இருந்தா ஃபில்டர் வழியாத்தான் வரும், சந்து பொந்துல இழுக்காது. ஃபில்டர ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கழுவி நல்லா காய வச்சு மாட்டறோம். வருஷத்துக்கு ரெண்டு தடவை பெட்டிய மாடிக்குத் தூக்கிட்டுப் போயி புளோயர் அடிக்கறோம், அடிக்கும்போது ஃபேன விரலால புடிச்சுக்கணும், சுத்த விட்டா பேரிங் போயிடும்.

உங்ககிட்ட ஒரே வேண்டுகோள் ஆசிரியர் சார், அடுத்த தடவை இந்த மாதிரி கட்டுரை போடும்போது டெஸ்ட் பண்ணுன ரூம் எத்தன டிகிரின்னு ஒரு வரி போடச் சொல்லுங்க, விலை போடற இடத்துக்குப் பக்கத்துலயே. என் பையன் இன்னும் உங்க கட்டுரைய வெட்டி மானிட்டர் ஓரத்துல ஒட்டி வச்சிருக்கான், இந்த லெட்டர் வந்தா அது மேலயே ஒட்டறதா நான் சொல்லியிருக்கேன். வாங்கறதுக்குக் கிளம்பற தில்லி வாசகர்கள் சனிக்கிழமையே போயிட்டு வந்துடுங்க, நெஹ்ரு பிளேஸ் ஞாயித்துக்கிழமை லீவு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜனக்புரி, புது தில்லி